டயலிசிஸ் தொடங்கிய பின்னும் பழைய பத்தியமா?

சிறுநீரகம் பழுதடைந்து வருகிறது என்று தெரிந்ததும் புரத உணவைக் குறைக்கும்படி வைத்தியர்களாகிய நாங்களே சொல்கிறோம். அந்தக் கட்டத்தில் அது சரியான அறிவுரை. டயலிசிஸ், அதாவது இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சை, தொடங்கியதும் அது மாறிவிடுகிறது என்ற செய்திதான் பல வீடுகளுக்குப் போய்ச் சேருவதில்லை. "அவருக்கு நான் மீன், முட்டை ஒண்டும் குடுக்கிறேல்ல டொக்டர், பத்தியமாத்தான் சமைக்கிறன்" என்று யாழ்ப்பாணத்துக் குடும்பத்தினர் மிகுந்த அக்கறையோடு சொல்வதைக் கிளினிக்கில் அடிக்கடி கேட்கிறேன்.

டயலிசிஸுக்கு முன்னர் ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரையான புரதம் போதும் என்கிறோம். டயலிசிஸ் தொடங்கிய பின்னர் அது 1.0 முதல் 1.2 கிராம் ஆக வேண்டும். ஏனெனில், நான்கு மணி நேரம் இரத்தம் இயந்திரத்தில் ஓடும்போது கழிவுகளோடு 6 முதல் 12 கிராம் வரையான அமினோ அமிலங்களும் வெளியேறிவிடுகின்றன. 60 கிலோ நிறையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம் புரதம் தேவை. ஒரு கோப்பைச் சோற்றில் இருப்பதோ ஏறத்தாழ 4 கிராம். காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் சோறும் மரக்கறியும், இரவில் புட்டும் என்று சாப்பிடுபவர் தேவையின் பாதியைத் தாண்டுவதே கடினம். நெடுந்தீவிலிருந்து விடியவே படகேறி வருபவர் டயலிசிஸ் நாளில் வெறுவயிற்றோடு வந்து, மாலையில்தான் சாப்பிடுகிறார் என்றால் உடலின் தசை கரைவது இன்னும் கூடும்.

இந்த மெலிவைத் தராசு காட்டாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. தசை கரைந்த இடத்தை நீர் நிரப்புவதால் நிறை மாறாமலே இருக்கலாம். ஆகவே நான் நெற்றிப்பொட்டுப் பள்ளத்தையும், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள தசையையும் தொட்டுப் பார்ப்பேன். அந்த இடம் குழி விழுந்திருந்தால், நிறை என்னவாக இருந்தாலும் உடல் தன்னையே தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அதன் விளைவு நிர்ப்பீடனத்தில், அதாவது நோய் எதிர்ப்புச் சக்தியில், தெரியும். இரத்தத்தில் தேங்கும் கழிவுகளால் வெண்குருதிக் கலங்கள் ஏற்கெனவே மந்தமாகியிருக்க, அவற்றையும் கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளையும் ஆக்கத் தேவையான புரதமும் குறைந்துவிடுகிறது. டயலிசிஸ் நோயாளரின் உயிரிழப்புக்கு இதயநோய்க்கு அடுத்த பெரிய காரணம் தொற்றுத்தான். சாதாரணமானவர்களுக்கு மூன்று தடவை போடும் ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசியை இவர்களுக்குப் பெரும்பாலும் இரட்டிப்பு அளவில் நான்கு தடவை போடுகிறோம். அப்படியிருந்தும் பலரின் உடல் போதிய எதிர்ப்பைக் காட்டுவதில்லை. இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதம் குறைந்திருந்தால் உணவை மட்டும் குறைசொல்லவும் கூடாது: சொத்தைப் பல், ஆறாத கால் புண், டயலிசிஸுக்காகக் கழுத்தில் வைத்த குழாய் ஆகியவற்றில் மறைந்திருக்கும் அழற்சியும் அதைக் குறைக்கும், பசியையும் கெடுக்கும்.

அதற்காக எதையும் சாப்பிடலாம் என்றில்லை. கருவாட்டின் உப்பும், இளநீரின் பொற்றாசியமும், எலும்புச் சூப்பின் பொசுபரசும் இன்னமும் ஆபத்தானவையே. நல்ல பச்சை மீனைச் சமைத்து எடுத்த 100 கிராமில் 20 கிராம் புரதமும், ஒரு முட்டையில் 6 கிராமும் கிடைக்கும்; முட்டை வெள்ளையில் பொசுபரசு மிகக் குறைவு. பொசுபரசைக் கட்டுப்படுத்தத் தரும் கல்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுத்தால்தான் பயன் உண்டு. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் தொடாதவர்களிடம் விரதத்தைக் கைவிடுங்கள் என்று நான் சொல்வதில்லை. முன்கூட்டியே வந்து சொன்னால், இரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பருப்பு, பயறு, சோயா, தயிர் ஆகியவற்றின் அளவை எழுதித் தரலாம். ஒரு நேரம் மட்டும் உண்ணும் கடும் விரதத்தை மட்டும் தயவுசெய்து தவிர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இவர்களில் பலருக்கு உடல் வெப்பநிலை இயல்பிலேயே சற்றுக் குறைவு என்பதால், கடுமையான தொற்றிலும் காய்ச்சல் பெரிதாக ஏறாமல் இருக்கலாம். கழுத்தில் குழாய் உள்ளவருக்குக் குளிர் நடுக்கம் வந்தால், பனடோலைக் கொடுத்துவிட்டு அடுத்த டயலிசிஸ் வரை காத்திராமல், அன்றே வைத்தியசாலைக்கு அழைத்து வாருங்கள்.