கருத்தாளர் இருக்க வள நபர் எதற்கு?

குன்னூரிலும் கோத்தகிரியிலும் எந்தப் பயிற்சி முகாம் நடந்தாலும் மேடைக்குப் பின்னால் கட்டும் ஃபிளெக்ஸில் ஒரு சொல் தவறாமல் வந்துவிடுகிறது: 'வள நபர்'. மைக் பிடிப்பவர் அதை 'வல நபர்' என்று வாசிப்பார். கீழே இருப்பவர்கள் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பார்கள். அண்மையில் பணியாளர் திறன் வளர்ச்சி பற்றி நடந்த ஒரு மண்டலத் தலைமைப் பயிற்சியின் அழைப்பிதழ் கைக்கு வந்தது. தேயிலைத் தொழிற்சாலை மேலாளர்கள், ஓட்டல் நடத்துபவர்கள், தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்கள், மகளிர் குழுத் தலைவிகள் என்று நல்ல கூட்டம் கூடுகிற நிகழ்ச்சி. உள்ளே 'சிறப்பு அழைப்பாளர்கள்' என்று ஒரு பட்டியல், 'வள நபர்கள்' என்று இன்னொரு பட்டியல், நடுவில் 'தலைமைத்துவப் பண்புகள்' என்று ஓர் அமர்வு. மூன்றுமே தவறு. மற்ற இரண்டையும் பிறகு பார்க்கலாம், முதலில் வள நபர்.

ஆங்கிலத்தில் 'ரிசோர்ஸ் பெர்சன்' என்கிறார்கள். ஒரு துறையை நன்கு அறிந்தவர், பயிற்சிக்கு வந்து அந்த அறிவைப் பகிர்ந்துகொள்பவர், சந்தேகம் வந்தால் கேட்கத் தகுந்தவர். அவ்வளவுதான் பொருள். 'ரிசோர்ஸ்' பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதற்கு மூலமான இலத்தீன் வினைக்கு 'மீண்டும் எழுதல்' என்று பொருள். விழுந்தவன் எழுந்திருக்கக் கைகொடுப்பது எதுவோ அதுதான் முதலில் 'ரிசோர்ஸ்'. நிலம், நீர், கனிமம், காசு என்ற பொருளெல்லாம் பின்னால் சேர்ந்தவை. 'ரிசோர்ஸ் பெர்சன்' என்பதில் இருப்பது அந்தக் கைகொடுக்கும் பொருள். மொழிபெயர்த்தவர் எடுத்துக்கொண்டதோ நிலம், நீர், கனிமப் பொருள். அகராதியில் 'ரிசோர்ஸ்' என்பதற்கு எதிரே 'வளம்' என்று இருக்கும், 'பெர்சன்' என்பதற்கு எதிரே 'நபர்' என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார்.

'நபர்' தமிழ்ச் சொல் இல்லை. அரபியில் 'நஃபர்' என்றால் ஆள், ஆட்கள். பாரசீகத்தில் ஆட்களை எண்ணும்போது சேர்க்கும் சொல்லாகவும் அது வழங்குகிறது. உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. வேற்றுமொழிச் சொல் என்பதற்காக மட்டும் நான் அதைத் தள்ளவில்லை. மேஸ்திரி போர்ச்சுக்கீசியச் சொல்தான், ஆனால் அந்தச் சொல்லைப் பிடுங்கிவிட்டால் எஸ்டேட்டில் ஒரு நாள் வேலை ஓடாது. நபரில் என் குறை, தமிழில் அது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதுதான். நாளிதழைப் பாருங்கள்: மர்ம நபர், அடையாளம் தெரியாத நபர், தலைமறைவான நபர். விடுதியில் 'ஒரு நபருக்கு இவ்வளவு'. ரேஷன் அட்டையில் நபர்களின் எண்ணிக்கை. பெயர் தெரியாதபோதும் தலை எண்ணும்போதும்தான் தமிழர்கள் ஒருவரை நபர் என்கிறார்கள். பேரும் படிப்பும் தெரிந்து, கடிதம் எழுதி, கார் அனுப்பி அழைத்துவந்த ஒருவரை நபர் என்று எழுதுவது மரியாதைக் குறைவு. 'ஆள்' என்று போட்டிருக்கலாமே என்றால் அது இன்னும் தாழ்ந்துவிடும் என்று பயந்திருப்பார்கள். 'இன்னைக்கு எத்தனை ஆள்?' என்று கேட்டே பழகிய ஊர் இது.

அடுத்தது வளம். வளர் என்பதோடு ஒரே வேர். நீர்வளம், நிலவளம், மலைவளம், மீன்வளம், கனிமவளம் என்று எதை எடுத்தாலும் வளம் என்பது ஓரிடத்தில் நிறைந்து கிடப்பது, மனிதன் போய் எடுத்துக்கொள்வது. அரசில் நீர்வளத் துறை இருக்கிறது, மீன்வளத் துறை இருக்கிறது. பொருத்தமான பெயர்கள்தான். மனிதனை அந்த வரிசையில் உட்கார வைத்ததுதான் கோளாறு. 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே' என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைத் தொடங்கும்போதே மக்களைப் பிரித்து வைத்துவிட்டது. வளம் அஃறிணை. ஒன்றிய அரசு 1985-இல் ஓர் அமைச்சகத்துக்கு மனிதவள மேம்பாடு என்ற பொருளில் பெயர் வைத்து, 2020-இல் அதைக் கல்வி அமைச்சகம் என்று மாற்றிக்கொண்டது. ஆனால் 35 ஆண்டுகள் அந்தப் பெயர் செய்தித்தாளில் வந்து வந்து, மனிதனை வளம் என்பது நம் காதுக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான் வள நபர்.

இந்த மலையில் இருப்பவர்களுக்கு இது வெறும் இலக்கணத் தகராறாகத் தெரியாது. 1819-இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மேலே ஏறி வந்த பிறகு இந்த மலை முழுக்க வளமாகத்தான் பார்க்கப்பட்டது. சோலைகள் போயின, புல்வெளிகள் போயின, காப்பியும் சின்கோனாவும் தேயிலையும் வந்தன, விறகுக்கென்று சீகையும் தைலமரமும் வந்தன. வளம் என்று பெயர் சூட்டப்பட்டதற்கு அடுத்து என்ன நடக்கும் என்று நீலகிரிக்காரருக்கு விளக்கத் தேவையில்லை.

மேலே சொன்னது போன்ற ஒரு பயிற்சியில் கோத்தகிரிப் பக்கத்து அம்மா ஒருவரைப் பேச அழைத்திருந்தார்கள். கொழுந்து பறிப்பதில் ஆயுசைக் கழித்தவர். கத்தரி போட்டு வெட்டினால் முற்றிய இலை எப்படிக் கூடவே வந்துவிடுகிறது, அதனால் தொழிற்சாலையில் பச்சைத் தேயிலை விலை எப்படி இறங்குகிறது, கையால் இரண்டு இலையும் மொட்டும் கிள்ளும்போது விரல் எந்த இடத்தில் மடிய வேண்டும் என்பதையெல்லாம் மேசையில் ஒரு கொத்துக் கொழுந்தை வைத்துக்கொண்டு காட்டினார். அன்று பேசியவர்களில் எல்லோரும் குறிப்பெடுத்தது அவர் பேச்சைத்தான். முடிந்ததும் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைப் பக்கத்தில் இருந்த என்னிடம் நீட்டி, 'வள நபர்னா என்ன சார், வசதியானவங்களா? எனக்குக் கால் ஏக்கர்கூடக் கிடையாதே' என்றார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. வளமான நபர் என்றால் தமிழில் பணக்காரர்தான்.

ஏற்பாடு செய்தவர்களிடம் இதைச் சொன்னேன். 'எல்லா மொழியிலும் அப்படித்தான் சார் இருக்கு, மசினகுடி தாண்டினா கர்நாடகாவில் சம்பன்மூல வியக்தின்னுதான் எழுதறாங்க' என்று பதில் வந்தது. உண்மைதான், கன்னடத்தில் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவர்களும் ஆங்கிலச் சொல்லின் இரு பாதிகளையும் தனித்தனியே பெயர்த்து ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டிலும் அதே இடத்தில் ஓடு உடைந்திருக்கிறது என்பதால் நம் வீடு ஒழுகாமல் இருந்துவிடுமா? இந்தக் கருத்தரங்கு மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான். சொல்லைப் பெயர்க்கிறார்கள், அந்தச் சொல்லைக் கேட்கப்போகிறவர் யார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்பதில்லை. இப்போது கைபேசிச் செயலியிடம் ஆங்கில அழைப்பிதழைக் கொடுத்து, வந்ததை அப்படியே அச்சகத்துக்கு அனுப்புகிறார்கள். மெய்ப்பு பார்க்க ஆள் இல்லை. மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒரு மாலை நேரத்தில் முழு அழைப்பிதழையும் சரிபார்த்துக் கொடுத்துவிடுவார்.

'வளவாளர்' என்று ஒரு போட்டிச் சொல் உண்டு. இலங்கையில் பரவலாக வழங்குவது. இதை நம் மலையில் யாரும் அந்நியமாகப் பார்க்க முடியாது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களில் ஏராளமானோர் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில்தான் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது, பின்னாளில் அது டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. அந்தக் குடும்பங்களின் இலங்கை உறவினர் யாராவது பயிற்சி நடத்துவதைப் பற்றிப் பேசினால் வளவாளர் என்றுதான் சொல்வார்கள். சிலர் இதையே நாமும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வள நபரோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புணர்ச்சியும் சரி. வளம் என்பதன் மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் வந்து, வள + ஆளர் வளவாளர் ஆகிறது. மரம் + அடி மரவடி ஆவது போல. நன்னூலில் விதி இருக்கிறது. 'ஆளர்' வந்ததால் அவர் வளமாக இல்லை, வளத்தை ஆள்பவராக இருக்கிறார், மனிதராகிவிட்டார்.

ஆனாலும் ஏற்க முடியவில்லை. பேச வருகிறவர் ஆள்வது எந்த வளத்தை? அறிவையா, நிதியையா, காட்டையா? சொல் சொல்லவில்லை. அதோடு கொங்குப் பக்கம் 'வளவு' என்றால் சேர்ந்தாற்போல் இருக்கும் வீடுகள். 'எங்க வளவுல கேட்டுப் பாரு' என்பார்கள். செட்டிநாட்டில் வளவு வீட்டுக்குள் இருக்கும் முற்றப் பகுதி. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த ஒருவர் வளவாளர் என்று கேட்டால் அந்த வளவில் குடியிருப்பவர் என்றுதான் எடுத்துக்கொள்வார். விளக்கினால் புரியும். ஆனால் அழைப்பிதழில் விளக்கம் போட இடமில்லை.

நமக்கு எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. கருத்தாளர் என்ற சொல் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையில் நெடுநாளாகப் புழங்குகிறது. ஆசிரியர் பயிற்சிகளுக்குப் போய் வந்த யாரையும் கேளுங்கள். மாவட்டத்தில் பயிற்சி நடத்துபவர் கருத்தாளர், அவருக்குப் பயிற்சி கொடுப்பவர் முதன்மைக் கருத்தாளர். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதே துறைதான் ஒன்றியந்தோறும் 'வட்டார வள மையம்' நடத்துகிறது. அங்கே வளம் சரியாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அது இடம்: நூல்களும் கருவிகளும் படங்களும் இருக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கு வேலை செய்பவரை வள நபர் என்று எழுதவில்லை. ஆசிரியர் பயிற்றுநர் என்று எழுதினார்கள். இடத்துக்கு வளம், மனிதருக்குக் கருத்தும் பயிற்சியும். இந்த வேறுபாட்டைக் கண்டவர் யாரோ, தமிழ் அறிந்தவர்.

கருதுவதிலிருந்து கருத்து, கருத்தை ஆள்பவர் கருத்தாளர். எழுத்தாளர், பேச்சாளர், ஆய்வாளர் என்ற வரிசையில் இயல்பாக நிற்கிறது. ஆண், பெண் இருவருக்கும் பொது. கேட்டவுடன் மரியாதை தெரிகிறது. 'கருத்துச் சொல்கிறார்' என்பதை இளைஞர்கள் இப்போது கேலியாகப் பயன்படுத்துகிறார்களே என்று ஒருவர் ஆட்சேபித்தார். கேலிக்குப் பயந்து ஒவ்வொரு சொல்லாக விட்டுக்கொண்டே போனால் நம்மிடம் எதுவும் மிஞ்சாது. இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது: கொழுந்து கிள்ளிக் காட்டிய அம்மா சொன்னது கருத்தா, கைத்திறன் அல்லவா? நியாயமான கேள்வி. அப்படிச் செய்து காட்டுபவருக்குப் பயிற்றுநர் என்பது இன்னும் கச்சிதம். பேசி விளக்குபவர் கருத்தாளர், செய்து பழக்குபவர் பயிற்றுநர். (பயிற்றுனர் என்று எழுதாதீர்கள். இயக்குநர், ஓட்டுநர் போல 'நர்'தான் விகுதி.) ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்குவது தமிழில் இரண்டாகப் பிரிந்தால் அது தமிழுக்குக் குறையே இல்லை.

சரி, மற்ற இரண்டு. 'அழைப்பாளர்' என்றால் அழைப்பவர். பேச்சாளர் பேசுகிறார், பங்கேற்பாளர் பங்கேற்கிறார், அழைப்பாளர் அழைக்கிறார். அப்படியிருக்க, அழைக்கப்பட்டு வந்தவரை அழைப்பாளர் என்கிறோம். அரசியல் கட்சிகளின் செயற்குழுவிலிருந்து பரவி இப்போது மகளிர் குழுக் கூட்டம் வரை வந்துவிட்டது. விருந்தினர் என்ற சொல்லுக்கு என்ன கேடு? விருந்து என்றாலே புதுமை. தொல்காப்பியச் செய்யுளியலில் 'விருந்தே தானும் புதுவது புனைந்த யாப்பின் மேற்றே' என்று புதுவகைச் செய்யுளுக்கே அந்தப் பெயர் இருக்கிறது. புதிதாக வந்தவர் விருந்தினர், சாப்பாடு அதன் பிறகு சேர்ந்த பொருள். தலைமைத்துவத்தில் கோளாறு இன்னும் வெளிப்படை. தலைமையில் இருக்கும் 'மை' ஏற்கெனவே பண்பைக் குறிக்கும் விகுதி. அதன் மேல் வடமொழித் 'துவம்' எதற்கு? பொறுமைத்துவம், திறமைத்துவம் என்று சொல்வோமா? தலைமைப் பண்பு, தலைமைப் பயிற்சி போதும்.

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பழைய அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை, அதற்கு நேரே பெயர்கள். வந்தவர் செய்யப்போகும் செயலைத்தான் எழுதினார்கள், அவருக்கு வகைப் பெயர் கட்டவில்லை. ஊர்க் கோயில் திருவிழாவிலிருந்து தொழிற்சங்கக் கூட்டம் வரை அதுதான் முறை. 'கருத்துரை' என்று தலைப்புப் போட்டுப் பெயர்களை எழுதினால் நபரும் வேண்டாம், வளமும் வேண்டாம். ஆளைக் குறித்தே ஆக வேண்டிய இடங்கள் இரண்டுதான்: சான்றிதழும் பணம் வழங்கும் ரசீதும். சான்றிதழில் 'கருத்தாளராகப் பங்கேற்றார்' அல்லது 'பயிற்றுநராகப் பங்கேற்றார்' என்று போடலாம். ரசீதில் 'வள நபர் ஊதியம்' என்பதை அடித்துவிட்டு 'கருத்தாளர் மதிப்பூதியம்' என்று எழுதுங்கள். தணிக்கைக்கு வருபவருக்கும் அது புரியும்.