அது அழுக்கு இல்லை சார், தேய்க்காதீர்கள்!

பழுதுபார்க்க வந்த டப்பாவைப் பிரித்ததுமே எலுமிச்சை வாசனை. இந்த வருடத்தில் இப்படி வந்ததில் இது மூன்றாவது.

உள்ளே ஒரு நெட்சுகே, ஜப்பானியர் பையைத் தொங்கவிடும் கயிற்றில் கோக்கும் குட்டிச் சிற்பம். பாக்ஸ்வுட் மரத்தில் இரண்டு சுமோ மல்லர்கள். ஒருவர் தூக்கிவிட்டார், தூக்கப்பட்டவரோ எதிராளியின் காலில் தன் காலைப் பின்னிக்கொண்டு விழ மறுக்கிறார். 1176இல் கவாசு, மதனோ என்ற இரண்டு ஜப்பானிய வீரர்கள் மோதியதாகச் சொல்லப்படும் பிடி. நாலு சென்டிமீட்டருக்குள் எட்டு கைகால்! கூடவே சீட்டு: "அழுக்கெல்லாம் எடுத்துட்டேன் சார், பாலிஷ் மட்டும் போட்டுக் குடுங்க."

நீங்கள் எடுத்தது அழுக்கு இல்லை. குடுமிக்குக் கறுப்பு ஏற்றியதும், விரலிடுக்கில் சாயம் தங்கவிட்டதும் செதுக்கியவர். வயிறும் தோளும் வெளுத்துப் பளபளப்பது இடுப்புக் கச்சையிலும் உள்ளங்கையிலும் வருடக்கணக்கில் உரசியதால். இதற்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'நரே'. மேட்டில் வெளுப்பு, பள்ளத்தில் கறுப்பு: பழையதை நான் அடையாளம் காண்பதே பெரும்பாலும் இதை வைத்துத்தான். போலி செய்கிறவன் இதற்காகச் சாயத்தில் முக்கி எடுக்கிறான்; நீங்கள் இருந்ததை எலுமிச்சை போட்டுக் கழுவியிருக்கிறீர்கள்.

போதாததற்கு, முதுகிலிருந்த இரண்டு ஓட்டைகளையும் புட்டிப் பசை வைத்து அடைத்திருந்தீர்கள். பூச்சி அரித்ததாம்! கிமோனோவில் பாக்கெட் கிடையாது. புகையிலைப் பையையோ மருந்துச் செப்பையோ கயிற்றில் கோத்து, கச்சைக்கு மேலே நழுவாமல் நிறுத்துவதுதான் நெட்சுகேயின் வேலையே. அந்தக் கயிறு நுழையும் வழிதான் இந்த ஓட்டைகள். ஒன்று பெரிதாக இருந்தால் முடிச்சு உள்ளே மறைவதற்கு. (கெட்டிக்காரச் சிற்பி தனியாகத் துளைக்கவே மாட்டார், மல்லர்களின் கைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள சந்தே போதும்.)

தண்ணீர் வேண்டாம். தேங்காய் எண்ணெய், வினிகர், பித்தளை பாலிஷ், எதுவும் வேண்டாம். உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும். ஏசி காற்று நேரே படும் இடத்திலோ ஷோகேஸ் பல்புக்கு அடியிலோ வைத்தால் மரம் வெடிக்கும். விரல் நுனியோ குடுமியோ உடைந்தால், தயவுசெய்து, ஃபெவிக்விக்கைத் தொடாதீர்கள். துண்டைக் காகிதத்தில் மடித்து வையுங்கள், ஒட்டுவது என் வேலை. அடியிலிருக்கும் கையெழுத்தை நம்பி விலை பேசாதீர்கள். பேர்போன சிற்பிகளின் பெயரைப் பலர் வெட்டியிருக்கிறார்கள்.

பாலிஷ் போடாமல்தான் திருப்பி அனுப்புகிறேன். ஊசியால் புட்டியைக் கிளறி எடுத்தபோது பெரிய ஓட்டையின் விளிம்பில், எலுமிச்சை எட்டாத இடத்தில், மிளகளவு பழைய நிறம் இருந்தது. அதையாவது விட்டுவையுங்கள் சார்.