நாலு பேரும் ஒரே ஓகரை அடிங்க: விளையாட்டு மேசையில் ஓர் ஆலோசகர் பார்ப்பது

மதுரையில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு உளவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். குழு அமர்வுகளில் நான் பயன்படுத்தும் விளையாட்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒருவர் டஞ்சன் மாஸ்டராக இருந்து கதையையும் எதிரிகளையும் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னது நடந்ததா இல்லையா என்பதை 20 முகப் பகடை முடிவு செய்யும்.

'பேய், பூதம் என்று பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருகிறீர்கள்?' என்று பெற்றோர் கேட்பதுண்டு. அந்தப் பயத்துக்கு ஒரே பதில், ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாருங்கள் என்பதுதான். நான் இங்கே எழுத வந்தது வேறு. இந்த விளையாட்டில் சண்டை வரும்போது பிள்ளைகள் தோற்கும் விதத்தைப் பற்றி. வீட்டிலோ பள்ளியிலோ இதை நடத்தும் அண்ணன், அக்கா, ஆசிரியர் எல்லோருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

புதிதாக வரும் குழுக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தோற்கின்றன. பாத்திரங்கள் பலவீனமாக இருப்பதில்லை. நாலு பேரும் நாலு தனிச் சண்டை போடுகிறார்கள், அவ்வளவுதான். உடனே பெரியவர்கள் 'ஒற்றுமையா இருங்கப்பா' என்று ஆரம்பித்துவிடுகிறோம். அந்த வார்த்தையைப் பிள்ளைகள் பள்ளி இறைவணக்கத்திலிருந்தே கேட்டுச் சலித்திருக்கிறார்கள். கணக்கைக் காட்டினால் கேட்கிறார்கள்.

நான் காட்டும் கணக்கு இது. ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் ஓகர் என்ற முரட்டு ராட்சதனுக்கு 59 ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப்புள்ளி. அவன் கதாயுதம் பட்டால் சராசரியாக 13 போகும். இரண்டு ஓகர்கள் எதிரே நிற்கிறார்கள் என்று வையுங்கள். நம் நாலு பேரும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு (எல்லோரும் ஒரு முறை ஆடி முடிப்பது ஒரு சுற்று) 20 அளவு சேதம் செய்கிறார்கள், முதல் அடியும் நம்முடையது. அதை ஓகருக்குப் பாதியாகப் பிரித்து அடித்தால் இரண்டு ஓகரும் ஆறாவது சுற்றில்தான் விழுவார்கள். அதற்குள் இருவரும் சேர்ந்து 10 முறை நம்மைத் தாக்கியிருப்பார்கள். எல்லோரும் முதலில் ஒருவனையே அடித்தால் அவன் மூன்றாவது சுற்றில் காலி. அடுத்தவன் அதே ஆறாவது சுற்றில் விழுவான். ஆனால் நம்மீது விழும் தாக்குதல் 7 தான். செலவழித்த பலம் ஒன்றே, சுற்றும் ஒன்றே, வாங்கும் அடியில் மூன்று குறைகிறது. மூன்றாம் நிலைக் குழுவில் மூன்று கதாயுத அடி என்றால் விசார்ட் என்ற மந்திரவாதியின் உயிர்.

இதற்குக் காரணம் ஒரு சின்ன விதி. ஒரே ஒரு ஹிட் பாயின்ட் மிச்சமிருக்கும் எதிரியும் முழு பலத்தோடுதான் அடிப்பான். காயம் அவனைத் தளர்த்தாது. ஆகவே பாதி அடிபட்ட இரண்டு எதிரிகளைவிட, செத்த ஒருவனும் முழுசாக நிற்கும் ஒருவனும் நமக்கு நல்லது. சார்ட் பேப்பரில் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் என்று கட்டம் போட்டு, புளியங்கொட்டையை எதிரிகளாக வைத்து இந்தக் கணக்கை இரண்டு வழியிலும் ஓட்டிக் காட்டுங்கள். பிள்ளைகளே எண்ணட்டும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது ஏன் சட்டென்று வருவதில்லை என்று யோசித்திருக்கிறேன். அலங்காநல்லூர், பாலமேடு வாடிவாசலைப் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். அங்கே காளையின் திமிலை ஒருவர் மட்டுமே பிடிக்க வேண்டும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து தொங்கினால் பரிசு யாருக்கும் இல்லை. வீரம் என்றால் தனியாக அணைவது என்று மனதில் பதிந்திருக்கிறது. 'அவன் அடிச்ச ஆளை நான் ஏன் அடிக்கணும், எனக்குத் தனியா ஒருத்தன் வேணும்' என்று ஒரு பையன் நேராகவே கேட்டான். (பிள்ளைகளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) அவனைத் திட்டவில்லை. தந்திரமாக அடிக்கும் ரோக் பாத்திரத்தின் விதியைப் படிக்கச் சொன்னேன். ஓகருக்கு ஐந்தடிக்குள் தன் கூட்டாளி ஒருவன் நின்றாலே ரோக்குக்கு ஸ்னீக் அட்டாக் என்ற சலுகை கிடைக்கும். மூன்றாம் நிலையில் அது கூடுதலாக இரண்டு ஆறுமுகப் பகடை சேதம். அந்தப் பையன் ஆடியது ஃபைட்டர், அதாவது போர்வீரன். அவன் பக்கத்தில் போய் நின்றதால்தான் ரோக்காக ஆடிய பிள்ளைக்கு அந்த அடி விழுந்தது. தனியாக ஒருத்தன் வேண்டும் என்று கேட்டவன், அன்றைக்கு 'நான் நின்னேன்ல' என்றான். எனக்கு அது பெரிய விஷயம்.

அடுத்து வைத்தியம். இதில்தான் எனக்கு அதிகக் கவலை.

மந்திரத்தால் காயம் ஆற்றும் கிளெரிக் பாத்திரத்தை ஒரு பெண் பிள்ளை எடுத்துக்கொண்டால், அல்லது அவளிடம் தள்ளிவிட்டால், அடுத்த நிமிடமே சுற்றியிருப்பவர்கள் அவளுக்கு உத்தரவு போட ஆரம்பிக்கிறார்கள். 'எனக்கு ஹீல் பண்ணு', 'முதல்ல எனக்கு'. அவளுடைய முறை வரும்போது அவளுக்கென்று ஒரு முடிவே மிச்சமிருப்பதில்லை. வீட்டில் நடப்பதுதான் மேசையிலும் நடக்கிறது. இதை டஞ்சன் மாஸ்டர் கவனிக்காமல் விட்டால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வரமாட்டாள், வந்தாலும் பேசமாட்டாள்.

நல்ல வேளை, விதியே அவள் பக்கம் இருக்கிறது. 2014 விதிப்படி முதல் நிலை க்யூர் வூண்ட்ஸ் மந்திரம் ஓர் எட்டுமுகப் பகடையோடு பாத்திரத்தின் திறன் எண்ணையும் சேர்த்துக் குணமாக்கும். சராசரியாக ஏழோ எட்டோ. ஓகரின் ஓர் அடி 13. சண்டை நடுவே காயத்தை ஆற்றிக்கொண்டே இருந்தால் ஒருநாளும் அடியை முந்த முடியாது. அதற்குப் பதில் அவள் தன் முறையில் பிளெஸ் என்ற ஆசி மந்திரம் போட்டால் மூன்று பேருடைய தாக்குதலிலும் தற்காப்புப் பகடையிலும் ஒரு நாலுமுகப் பகடை கூடும். ஆளைக் கீழே விழவிட்டு, விழுந்த பிறகு ஹீலிங் வேர்டு சொல்லி எழுப்புவதுதான் பல நேரங்களில் சரியான ஆட்டம். அதற்கு போனஸ் ஆக்ஷன் என்ற சின்னக் கூடுதல் செயல் போதும், 60 அடி தூரத்திலிருந்தே சொல்லலாம், அவளுடைய ஆக்ஷன், அதாவது முறைக்கான முக்கியச் செயல், அவளுக்கே மிஞ்சும். 2024-இல் வந்த திருத்திய விதிகளில் இந்த இரண்டு வைத்திய மந்திரங்களுக்கும் பகடை இரட்டிப்பாகிவிட்டது, அதனால் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் அப்போதும் முடிவு அவளுடையதுதான்.

விழுந்தவன் நிலைமையையும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஹிட் பாயின்ட் பூஜ்யத்துக்கு வந்தால், தன் முறை வரும்போதெல்லாம் அவன் மரணப் பகடை உருட்ட வேண்டும். 10-உம் அதற்கு மேலும் வெற்றி. மூன்று வெற்றி வந்தால் நிலைப்படுவான், மூன்று தோல்வி வந்தால் போய்விடுவான். 1 விழுந்தால் அது இரண்டு தோல்வி, 20 விழுந்தால் ஒரு ஹிட் பாயின்ட்டோடு எழுந்துவிடுவான். கீழே கிடப்பவனை எதிரி பக்கத்தில் நின்று அடித்தால் அதுவும் இரண்டு தோல்வி. ஆக, விழுந்தவனைச் சுற்றி எதிரி நின்றால் அவசரம், எதிரி தள்ளிப் போய்விட்டான் என்றால் ஒரு சுற்று பொறுக்கலாம். பதறாமல் இதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை குழுவில் ஒருவராவது இருக்க வேண்டும்.

பிளெஸ் போன்ற மந்திரங்களுக்குக் கான்சன்ட்ரேஷன், அதாவது விடாத கவனம், வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் பிடித்திருக்க முடியும். அடிபட்டால், மந்திரம் கலையாமலிருக்கப் பகடை உருட்டி 10 எடுக்க வேண்டும், அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, எது அதிகமோ அது. அதனால் மந்திரம் பிடித்திருப்பவரை முன்வரிசையில் விடாதீர்கள். இவ்வளவு போதும், பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

பின்வாங்குவது வேறு கதை. 'ஓடுறதா? அசிங்கம்' என்பார்கள். ஒரு ஆள் விழுந்த பிறகு, அப்புறம் இன்னொரு ஆளும் விழுந்த பிறகு ஓட நினைப்பார்கள். அதற்குள் நேரம் கடந்திருக்கும். மனிதப் பாத்திரத்தின் வேகம் ஒரு முறைக்கு 30 அடி, ஓகருக்கு 40. நேராக ஓடினால் பிடித்துவிடுவான். அவன் கைக்கெட்டும் தூரத்திலிருந்து சும்மா விலகினாலே முதுகில் ஓர் அடி விழும், அதைத் தவிர்க்க டிஸ்எங்கேஜ் (பாதுகாப்பாக விலகுதல்) என்று ஓர் ஆக்ஷன் செலவாகும். இடம் பார்த்துப் பின்வாங்க வேண்டும்.

கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய்ப் பாறை இடுக்குகளைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது எளிது. அதுபோன்ற ஐந்தடிச் சந்து ஒன்றை வரைபடத்தில் வரைந்தேன். ஓகர் பெரிய உடம்புக்காரன், அவனுக்குப் பத்தடி இடம் வேண்டும். ஐந்தடிச் சந்துக்குள் நெருக்கிக்கொண்டு நுழைந்தால் அவன் வேகம் பாதியாகும், அவன் தாக்குதலுக்கு இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும், நாம் அவனை அடிக்கும்போது இரண்டில் கூடியதை எடுக்கலாம். பதினொன்றோ அதற்கு மேலோ வேண்டிய இடத்தில் நமக்கு நூற்றுக்கு 50 ஆக இருந்த வாய்ப்பு அப்போது 75 ஆகிறது. அவனுக்கும் அதே எண் தேவையென்றால் அவன் வாய்ப்பு 25 ஆக இறங்கும். பின்னால் போவது என்று நினைத்தது அங்கே சண்டையின் திருப்பமாகிறது. எங்கே நின்று சமாளிப்பது, யார் கடைசியில் வருவது, எந்தச் சொல் கேட்டதும் எல்லோரும் கிளம்புவது என்று சண்டைக்கு முன்பே பேசி வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேசவே தோன்றாது, நினைவூட்டுவது உங்கள் வேலை.

குழுவில் விதி நன்றாகத் தெரிந்த ஒரு பிள்ளை இருப்பான். அவனே எல்லோருடைய முறையையும் ஆடிவிடுவான். 'டேய், நீ அந்தப் பக்கம் போ, நீ அதை அடி.' அவன் சொல்வது சரியாகவே இருக்கும், சிக்கலே அதுதான். மற்ற மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் மேசையில் ஓர் ஏற்பாடு உண்டு: யாருடைய முறையோ அவர் கேட்டால் மட்டும் யோசனை சொல்லலாம். அந்தப் பிள்ளைக்கு எதிரிகளின் இனிஷியேட்டிவ் வரிசையை, அதாவது யார் முறை எப்போது என்பதைக் குறித்துவைக்கும் பொறுப்பையும் கொடுத்துவிடுவேன். அவன் அறிவுக்கும் வேலை கிடைக்கிறது, மற்றவர் வாயும் திறக்கிறது. தப்பான முடிவு எடுத்து ஒரு பிள்ளை அடி வாங்கினால் வாங்கட்டும், அடுத்த சுற்றில் அவளே சரிசெய்வாள்.

இது சிகிச்சை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாத்திரம் செத்ததற்கு ஒரு பிள்ளை அழலாம், அதில் பயப்பட எதுவுமில்லை. ஆனால் அந்த வருத்தம் பல நாள் நீண்டால், தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், தன்னையே வெறுத்துப் பேசினால், நீங்கள் மேசையில் வைத்துத் தீர்க்க முயல வேண்டாம். பெற்றோரிடம் பேசுங்கள், மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

தொடங்க நினைப்பவர்களுக்குப் பெரிய செலவில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் இல்லை, ஆனால் மேசையில் தாராளமாகத் தமிழில் பேசலாம், நாங்கள் அப்படித்தான் ஆடுகிறோம். பகடை இல்லையென்றால் கைப்பேசிச் செயலியே போதும். முதல் சண்டைக்கு ஓகர் வேண்டாம், காப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் நாலு வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் 7 ஹிட் பாயின்ட்தான். தோற்றால் கட்டத்தைக் கலைக்காமல், எந்தச் சுற்றில் யார் யாரை அடித்தார்கள் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.