புதுச் செயின் நழுவினால் மோட்டாரைத் திறக்காதீர்கள்

மின்மிதிவண்டியில் செயின் மாற்றுகிறார்கள். மேட்டில் ஏறும்போது 'டக், டக்' என்று நழுவுகிறது. கியர் கேபிளை இறுக்குகிறார்கள், நழுவல் நிற்கவில்லை. கியர் மாற்ற செயினைப் பக்கவாட்டில் நகர்த்தும் டீரெய்லரின் எல்லைத் திருகுகள் இரண்டையும் ஆளுக்கு ஒரு சுற்று திருப்புகிறார்கள். இப்போது பெரிய பல்சக்கரத்தில் செயின் ஏறவும் மாட்டேன் என்கிறது. டீரெய்லரே போய்விட்டது என்று புதிது வாங்கி மாட்டுகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால், மோட்டார் தாறுமாறாக இழுக்கிறது, அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலரைத் திறக்க வேண்டும் என்கிறார்கள். வண்டி பட்டறைக்கு வந்து சேரும்போது ஐந்து இடத்தில் கை வைத்தாகிவிட்டது. முதலில் வந்த கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது. வண்டிகள் மாறுகின்றன, வரிசை மாறுவதில்லை. போதும்.

பாகம் மாற்றிய பிறகு வந்த கோளாறு என்றால், மாற்றிய பாகத்தையும் அதோடு உரசி ஓடும் பாகத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும். நேற்று வரை ஒழுங்காக ஓடிய மோட்டாரும் கண்ட்ரோலரும் செயின் மாற்றிய அன்றைக்கே கெட்டுப்போவது அபூர்வம்.

எல்லாரும் தடுமாறும் இடம் புதுச் செயினும், பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கர அடுக்கான பழைய கேசட்டும்தான். "செயின் புதுசு, அப்புறம் எப்படி நழுவும்?" என்று கேட்கிறார்கள். செயின் புதிது என்பதால்தான் நழுவுகிறது. செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி 12.7 மி.மீ. ஓட ஓட ஒவ்வொரு பின்னும் அது சுழலும் துளையும் தேய்கின்றன. அந்தத் தேய்மானம் கண்ணிக்குக் கண்ணி சேர்ந்து செயின் நீளுகிறது. உலோகம் ரப்பர் போல இழுபடுவதில்லை. நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் சற்று மேலே ஏறி உட்காரும். மாதக்கணக்கில் அப்படி ஓடினால் பல்லும் அதற்கேற்பக் குழிந்து, ஒரு பக்கம் சாய்ந்த கொக்கி போல ஆகிவிடும். பழைய செயினும் பழைய பல்லும் சேர்ந்தே தேய்ந்தவை, ஒன்றுக்கொன்று பொருந்திப் போகும். அதனால்தான் கடைசி நாள்வரை சத்தமே இல்லாமல் ஓடியது. சரியான அளவில் இருக்கும் புதுச் செயினை அந்தக் குழிந்த பற்களில் மாட்டினால், பல பற்கள் பகிர வேண்டிய பாரம் ஒன்றிரண்டு பற்களில் விழுகிறது. அழுத்தி மிதித்தால் செயின் பின்னைச் சுற்றி உருளும் ரோலர் அந்தச் சாய்வில் ஏறி அடுத்த பல்லுக்குத் தாவும்.

இதைக் கேபிளை இறுக்கிச் சரிசெய்ய முடியாது. கேபிள் செயினைப் பக்கவாட்டில் மட்டுமே நகர்த்தும். இந்த நழுவல் முன்பின்னாக நடப்பது. இரண்டையும் பிரித்தறிவது எளிது. கேபிள் சரியில்லையென்றால் செயின் பக்கத்துப் பல்சக்கரத்தோடு உரசிக் கரகரக்கும், கியர் மாறத் தயங்கும், தானாக அடுத்த பல்சக்கரத்துக்குப் போய்விடும். பாரம் இல்லாதபோதும் அதன் அறிகுறி தெரியும். பல் தேய்ந்திருந்தால் கியர் மாறுவதில் குறையே இருக்காது. அதே பல்சக்கரத்தில் நின்றுகொண்டே செயின் முன்னால் தாவும். அதுவும் அழுத்தும்போது மட்டும், நீங்கள் அதிகம் ஓட்டும் இரண்டு மூன்று கியர்களில் மட்டும். அதிகம் பயன்படாத பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் நின்றுவிடும். இவையெல்லாம் பொருந்தினால் ஸ்குரூ டிரைவரைக் கீழே வையுங்கள்.

உறுதிசெய்ய இன்னொரு வழி: பழைய செயினை மறுபடி மாட்டிப் பாருங்கள். நழுவல் நின்றால் குற்றம் கேசட்டின் மேல்தான். புதுச் செயின் ஓடிச் சரியென்று தெரியும்வரை பழையதைத் தூக்கிப்போடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

"ஓட ஓடப் படிஞ்சுடும்" என்பது இன்னொரு தவறான ஆறுதல். மிட் டிரைவ் வண்டியில், அதாவது மோட்டார் பெடல் அச்சில் இருக்கும் வண்டியில், உங்கள் கால் விசையும் மோட்டார் விசையும் ஒரே செயினில்தான் போகின்றன. போஷ் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ், ஷிமானோ இபி8 போன்றவை 85 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கு விசை தருபவை. அந்த விசையில் தேய்ந்த பல் புதுச் செயினோடு படியாது, செயினையும் தன்னைப்போல் ஆக்கிவிடும். அதற்குள், எழுந்து நின்று மிதிக்கும் ஒரு கணத்தில் செயின் தாவினால் பெடல் சட்டென்று கீழே போகும், மார்பு ஹேண்டில்பாரில் மோதும். பின்னால் வண்டிகள் வரும் சாலையில் அப்படி விழுந்தால் என்ன ஆகும்? ஹப் மோட்டார் வண்டியில், அதாவது மோட்டார் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் வண்டியில், மோட்டாரின் விசை செயின் வழியே போவதே இல்லை. அங்கே செயின் நழுவலுக்கு மோட்டாரைக் குறை சொல்வதில் அர்த்தமே கிடையாது.

அளப்பது ஒரு நிமிட வேலை. செயினில் 24 இடைவெளிகள் சேர்ந்தால் 304.8 மி.மீ., அதாவது 12 அங்குலம். ஸ்கேலின் தொடக்கத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்து 24 தள்ளி இருக்கும் பின்னைப் பாருங்கள். சுமார் 1.5 மி.மீ. தள்ளியிருந்தால் 0.5 சதவீதத் தேய்மானம்: 11, 12 கியர் செயினை அப்போதே மாற்றுங்கள். 8 முதல் 10 கியர் செயினை 0.75 சதவீதம், அதாவது ஏறக்குறைய 2.3 மி.மீ. வரை ஓட்டலாம். 3 மி.மீ.யைத் தொட்டுவிட்டால் 1 சதவீதம் தேய்ந்துவிட்டது. அப்போது செயினோடு கேசட்டும் போகும், பெரும்பாலும் பெடலோடு சுழலும் முன்பக்கப் பல்சக்கரமான செயின்ரிங்கும் போகும். செயின் தேய்மானம் அளக்கும் கேஜ் ஒன்று வாங்கிவிட்டால் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் வேலையும் இல்லை. கேசட்டின் விலையோடு ஒப்பிட்டால் கேஜ் ஒன்றுமேயில்லை. தயவுசெய்து வாங்குங்கள்.

சரி, எங்கே நழுவுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் மோட்டார் உதவியை அணைத்துவிட்டு ஒரு மேட்டில் ஏறிப் பாருங்கள். அப்போதும் நழுவினால் மின்பகுதியை மறந்துவிடலாம். அடுத்து ஒரு செயின் கண்ணியிலும் அது உட்கார்ந்திருக்கும் பல்லிலும் டயரின் பக்கவாட்டிலும் சாக்பீஸால் ஒரே நேர்கோட்டில் குறியிடுங்கள். பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலைக் கையால் அழுத்துங்கள். பல்லின் மேல் செயின் ஏறினால் அது பல் தேய்மானம். செயினும் பல்லும் சேர்ந்து நகர்ந்து சக்கரம் மட்டும் அசையாமல் நின்றால், கேசட்டைத் தாங்கும் ஃப்ரீஹப்பின் உள்ளே இருக்கும் கொக்கிகள் பிடிக்கவில்லை. கெட்டியான கிரீஸ் அதிகமாக அப்பினால் அவை ஒட்டிக்கொண்டு எழுவதில்லை, கேசட் மாற்றும்போது 'நல்லதுக்குத்தானே' என்று பலரும் செய்வது இது. உதவியோடு ஓட்டும்போது செயின், பல், சக்கரம் மூன்றும் ஒழுங்காகப் போகின்றன, ஆனால் மிட் டிரைவ் மோட்டாரின் ஓசை மட்டும் எகிறுகிறது, இழுவை வரவில்லை என்றால் அது மோட்டாரின் உட்பக்கக் கோளாறு. அதை அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம் பார்க்கட்டும்.

கேசட்டும் புதிது, செயினும் புதிது, அப்படியும் தொல்லை என்றால் பெரும்பாலும் மாட்டியதில்தான் பிழை. நான் சொல்வதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அனுபவசாலிகளும் தவறும் இடங்கள் இவை.

டீரெய்லரின் கூண்டுக்குள், இரண்டு சிறு சக்கரங்களுக்கு நடுவே ஒரு சின்னத் தகட்டு நாக்கு இருக்கும். செயின் அதன் உட்பக்கமாகப் போக வேண்டும். தவறான பக்கமாகப் போனால் எல்லா கியரிலும் கரகரவென்று அரைக்கும், செயினே அந்த நாக்கை அறுத்துவிடும். "புதுச் செயின் மட்டம்" என்று வரும் புகார்களில் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது இதைத்தான்.

நீளத்தைப் பழைய செயினோடு தொங்கவிட்டு ஒப்பிடாதீர்கள். 116 கண்ணியுள்ள செயின் 1 சதவீதம் தேய்ந்தாலே ஒரு கண்ணிக்கு மேல் வித்தியாசம் காட்டும். கண்ணிகளை எண்ணுங்கள். கேசட்டின் அளவே மாறியிருந்தால் எண்ணிக்கையும் உதவாது: முன்பக்கப் பெரிய பல்சக்கரத்தையும் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தையும் சுற்றி, டீரெய்லருக்குள் விடாமல் செயினைச் சேர்த்துப் பிடித்து, அதற்கு மேல் ஓர் உள்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும் விடுங்கள். பின்பக்க சஸ்பென்ஷன் உள்ள வண்டியில், அச்சுகளின் இடைவெளி மிக நீளும் நிலையில் வைத்து அளக்க வேண்டும். குட்டையான செயினோடு பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டீரெய்லரைப் பிய்த்துவிடும்.

அகலமும் அப்படித்தான். 9 கியர் செயினின் வெளியகலம் ஏறக்குறைய 6.6 மி.மீ., 10க்கு 5.9, 11க்கு 5.5, 12க்கு 5.3. ஒரு மில்லிமீட்டர்தானே என்று 9 கியர் செயினை 11 கியர் கேசட்டில் போட்டால் பக்கத்துப் பல்சக்கரத்தில் உரசாமல் என்ன செய்யும்? செயினின் இரு முனைகளையும் இணைக்கும் குவிக் லிங்கையும் செயினுக்கு ஏற்றதாகவே வாங்குங்கள். 10 கியருக்கு மேற்பட்டவற்றில் பல ஒருமுறை மட்டுமே மாட்டத் தக்கவை. சிலவற்றில் அம்புக்குறி இருக்கும், அது செயின் ஓடும் திசையைக் காட்டுவது. மாட்டியதும் லிங்கை மேல்பக்கத்துக்குக் கொண்டுவந்து, பின்பிரேக்கைப் பிடித்து, பெடலை அழுத்தினால் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும். மின்சாரம் அணைந்திருக்கும்போது மட்டும்.

சீரான இடைவெளியில், பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'டிக்' என்று வந்தால் ஒரு கண்ணி விறைத்திருக்கிறது. பெடலைப் பின்னால் சுற்றினால் சிறு சக்கரத்தைத் தாண்டும்போது அது துள்ளும். இரு கட்டைவிரலாலும் பக்கவாட்டில் மெல்ல வளைத்தால் போதும். முன்பல் ஒன்று தடியாகவும் அடுத்தது ஒல்லியாகவும் இருக்கும் செயின்ரிங்கில், தடித்த பல் வெளிக்கண்ணிக்குள்தான் போக வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினால் செயின் கழன்றுகொண்டே இருக்கும்.

கேசட்டைப் பிடித்து நிறுத்தும் லாக்ரிங்குக்கு 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் தேவை. கைப்பலத்தில் பலர் அதில் பாதிகூடக் கொடுப்பதில்லை. மாட்டியபின் பற்களைப் பிடித்து ஆட்டுங்கள். கொஞ்சம் ஆடினாலும் கியர் ஒருநாளும் ஒழுங்காக மாறாது. முழுக்க இறுக்கியும் ஆடினால், இடைவெளியை நிரப்பும் வளையமான ஸ்பேசர் விடுபட்டிருக்கிறது. 11 கியர் சாலைவண்டி ஃப்ரீஹப்பில் 8, 9, 10 கியர் கேசட் போடுவோர் 1.85 மி.மீ. ஸ்பேசரை மறப்பது வழக்கம். ஹப் மோட்டாரில் திருகி ஏற்றும் பல்சக்கர அடுக்கான ஃப்ரீவீலை 7லிருந்து 9 கியருக்கு மாற்றினால், சின்னப் பல்சக்கரம் ஃபிரேமில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் ஆக்ஸிலில் வாஷர் சேர்க்க வேண்டும்.

இனி, நழுவல் போலத் தோன்றி நழுவலாக இல்லாதது. செயின் தாவினால் சத்தம் வரும், பெடல் விழும். சத்தமே இல்லாமல் உதவி மட்டும் விட்டுவிட்டு வந்தால் அது மின்சாரம் துண்டிக்கப்படுவது. கியர் கேபிள் மாற்றினீர்களா? கியர் சென்சார் உள்ள வண்டியில் கேபிள் அதன் வழியாகத்தான் போகும். கேபிள் உறையின் முனை சரியாக உட்காராவிட்டால், குழியில் இறங்கும்போது கேபிள் அசைவதைக் கியர் மாற்றமாக நினைத்து அது மோட்டாரை நிறுத்தும். பிரேக் கைப்பிடி மாற்றினீர்களா? கைப்பிடி முழுதாகத் திரும்பி வராவிட்டால் மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச் அழுந்தியே இருக்கும். அந்த ஸ்விட்சின் கனெக்டரைச் சோதனைக்காகக் கழற்றலாம், கழற்றிய நிலையில் சாலைக்குப் போகவே கூடாது.

சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் வேக சென்சாரின் காந்தத்தைப் பாருங்கள். போஷ் கம்பிக் காந்தத்துக்கு 5 முதல் 17 மி.மீ. இடைவெளி கேட்கிறது. காந்தம் திரும்பியிருந்தால் வேகம் சரியாகக் காட்டாது, உதவியும் ஒழுங்காக வராது. ஷிமானோ வண்டியில் டபிள்யூ013 என்று திரையில் வந்தால், பெடலில் கால் வைத்தபடி ஆன் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். காலை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். இதற்காக மோட்டாரையே கழற்றியவர்கள் இருக்கிறார்கள். ஹப் மோட்டாரில் கேபிள் கனெக்டரை அதில் போட்டிருக்கும் கோடுவரை தள்ளினீர்களா? அரைகுறையாக நின்றால் மோட்டார் உதறும். சுழலாமல் தடுக்கும் டார்க் ஆர்ம், பற்கள் உள்ள வாஷர் இரண்டும் இருந்த இடத்திலேயே திரும்ப வர வேண்டும். இல்லையென்றால் ஆக்ஸில் சுழன்று கேபிளை முறுக்கி அறுத்து, சக்கரமே கழன்று வரலாம். சாதாரண வண்டியை மின்வண்டியாக்கும், பெடல் அச்சில் காந்தத் தட்டுள்ள கிட் என்றால், தட்டைத் திருப்பி மாட்டினால் சென்சார் நீங்கள் பின்னோக்கி மிதிப்பதாக நினைக்கும், உதவியே வராது. கண்ட்ரோலர் மாற்றியவர்கள் வயரின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மோட்டாருக்குப் போகும் மூன்று ஃபேஸ் வயர்களின் வரிசை தவறினால் மோட்டார் உறுமும், நடுங்கும், சூடேறும். அந்த நிலையில் திராட்டிலை மேலும் முறுக்காதீர்கள், உடனே அணையுங்கள்.

இதில் எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, திராட்டிலால் சக்கரத்தைச் சுழலவிட்டு, செயினில் துணி பிடித்துத் துடைப்பவர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. செயினுக்கும் பல்லுக்கும் நடுவே போன விரல் திரும்பி வராது. பெடலைக் கையால் பின்னோக்கிச் சுற்றியே துடையுங்கள், எண்ணெய் விடுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதியுங்கள். உதவி இல்லாமல் சமதரையில் எல்லா கியரும், பிறகு குறைந்த உதவியில், கடைசியாகத்தான் மேடு. கியர் மாற்றும் அந்த அரைநொடி காலின் அழுத்தத்தைக் குறையுங்கள். நீங்கள் நிறுத்திய பிறகும் மிட் டிரைவ் மோட்டார் ஒரு கணம் தள்ளிக்கொண்டிருக்கும், அது அடங்கட்டும். புதுக் கேபிள் முதல் சில நாட்களில் உறைக்குள் படிந்து கொஞ்சம் தளரும். அப்போது கேபிள் திருகை அரைச் சுற்று இறுக்கலாம், அதுதான் அந்தத் திருகுக்கு உரிய வேலை. கூடவே லாக்ரிங், கிராங்க் போல்ட், ஹப் மோட்டார் நட் மூன்றையும் டார்க் ரெஞ்சால் மறுபடி ஒருமுறை பாருங்கள்.