அப்பாவின் தலைக்குள் இருந்த பேரேடு

கும்பகோணத்தில் அப்பா நடத்தியது பத்தடிக்குப் பதினெட்டடி பாத்திரக் கடை. முன்பக்கம் எவர்சில்வர், உள்ளே பித்தளையும் வெண்கலமும், பரணில் சீர்வரிசை அண்டாக்கள். நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளை மட்டும் கல்லாவுக்குப் பின்னால், தன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பார். பாத்திரத்தில் பெயர் வெட்டும் வேலையைக் கடைசிவரை கடைப் பையன்களிடம் விடவில்லை. மணப்பெண்ணின் பெயரை இரண்டு முறை கேட்டு, துண்டுத் தாளில் எழுதிக் காட்டி, சரி என்று தலையசைத்த பிறகுதான் மிஷினைக் கையில் எடுப்பார். “தாளில் எழுதினால் அடித்துவிடலாம், தவலையில் வெட்டினால் என்ன செய்வது?” என்பார்.

இத்தனை கவனமான மனிதர் தன் கொடுக்கல் வாங்கலில் பாதியைத்தான் தாளில் எழுதினார். மீதி தலைக்குள் இருந்தது. மகன் ஆடிட்டர், ஊரார் கணக்கையெல்லாம் தோண்டித் துருவுகிறவன். ஆனால் அப்பாவிடம் மட்டும் கேட்கவில்லை. ‘நான் போகும் நாளை எண்ணுகிறானோ’ என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். 2019 தை மாதத்தில் ஒரு விடியற்காலை மாரடைப்பு வந்தது. கேட்க இனி ஆளில்லை.

அதே கூச்சத்தோடு இருந்துவிட்ட பிள்ளைகள் வருடந்தோறும் என் அலுவலகப் படியேறுகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காரியம் முடிவதற்குள்ளேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. செலவுக்கு வேண்டும் என்று அப்பாவின் ஏ.டி.எம். அட்டையை எடுத்துக்கொண்டு யாராவது ஓடுவார்கள். அவருடைய செல்போனிலிருந்தே பந்தல்காரருக்குப் பணம் அனுப்புவார்கள். ரகசிய எண் தெரிந்திருப்பது உரிமை ஆகாது. இறந்தவரின் கணக்கை இயக்க மகனுக்கும் அதிகாரமில்லை. அன்று யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பாகம் பிரிக்கும் நாளில் தங்கை கணவர் வங்கிப் பட்டியலை விரித்து வைத்துக் கேட்பார். கைக்காசைப் போட்டுச் செய்யுங்கள், ரசீது வைத்துக்கொள்ளுங்கள். 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவுசெய்து, சான்றிதழில் பத்துப் பிரதியாவது வாங்கிவிடுங்கள்.

அடுத்தது வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். இதில் அடிக்கடி விடுபடும் பெயர் இறந்தவரின் தாயாருடையது. உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் ஆகியோரோடு தாய்க்கும் சம பங்கு உண்டு. எங்கள் அப்பாயிக்கு அப்போது 91 வயது. கைநாட்டு வாங்கப் போனபோது, “பெத்த பிள்ளைக்கு நான் வாரிசா?” என்று கேட்டார். அதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அன்று என்னால் சொல்ல முடியவில்லை.

நாமினி இருந்தால் எல்லாம் அவருக்கே என்று நினைப்பவர்கள் ஏராளம். வங்கிப் பணத்தைப் பொறுத்தவரை நாமினி அதைப் பெற்றுக்கொள்பவர், அவ்வளவுதான். பணம் வாரிசுகளுக்கு உரியது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக்கு நான்கு பேர்வரை நியமிக்கலாம் என்பது நல்ல மாற்றம். ஆனாலும் அது உயிலுக்கு ஈடாகாது. உயிலுக்கு முத்திரைத்தாளோ பதிவோ கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டால் செல்லும். சாட்சியாகப் பங்கு பெறுபவரையே நிறுத்தாதீர்கள்.

கடைக்கு வருவோம். தனி உரிமையாளரின் கடைக்கு ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அதை அப்படியே மகன் பெயருக்கு மாற்ற முடியாது. அந்த 15 இலக்க எண்ணுக்குள்ளேயே அப்பாவின் பான் எண் புதைந்திருக்கிறது. கடையைத் தொடர்ந்து நடத்துபவர் தன் பான் எண்ணில் 30 நாட்களுக்குள் புதிய பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்பாவின் கணக்கில் மீந்திருக்கும் உள்ளீட்டு வரி வரவை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டி, விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் வரியை, ஐ.டி.சி.-02 படிவம் மூலம் மாற்றிக்கொள்ளலாம். பழைய பதிவை அதற்குப் பிறகு ரத்து செய்வதே நல்லது. அவசரப்பட்டு முதலில் ரத்து செய்துவிட்டு, வரி வரவை மீட்க அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்பா இறந்தபோது எனக்கே இதில் குழப்பம் இருந்தது. உரிமையாளர் இறந்தால் என்ன செய்வது என்று விளக்கும் சுற்றறிக்கை 2019 மார்ச் 28 அன்றுதான் வந்தது.

ஒரு ஜவுளிக் கடைக் குடும்பம் ஆறு மாதம் இறந்தவர் எண்ணிலேயே பில் போட்டுக்கொண்டிருந்தது. “அப்பா இருப்பதுபோல இருக்கட்டும் சார்” என்றார் மகன். எனக்குப் புரிந்தது, வரித்துறைக்குப் புரியாது. வருமான வரியிலும் இறந்த நாள்வரையிலான வருமானத்துக்கு, வாரிசு தன்னைப் பிரதிநிதியாகப் பதிவுசெய்து அப்பாவின் பெயரில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குப் பிந்தைய வருமானம் வாரிசுகளுடையது.

இதுவரை சொன்னவற்றுக்கெல்லாம் படிவம் இருக்கிறது. படிவமே இல்லாத பகுதிதான் குடும்பங்களை உலுக்குகிறது. அப்பா யாருக்குக் கைமாற்று கொடுத்தார்? கடைக்கு முப்பது வருடம் முன்பு கொடுத்த முன்பணம் எவ்வளவு, ரசீது எங்கே? பழைய பித்தளையைக் கொடுத்துவிட்டு, “புதுசை அப்புறம் எடுத்துக்கொள்கிறேன்” என்று போனவர்கள் யார்? துக்கம் கேட்க வந்த மொத்த வியாபாரி ஒருவர் தயங்கித் தயங்கி, நாற்பதாயிரம் பாக்கி என்றார். எங்கள் பேரேட்டில் முப்பத்தொன்று இருந்தது. தந்தையின் கடனுக்கு, அவரிடமிருந்து கிடைத்த சொத்தின் அளவுக்குத்தான் பிள்ளைகள் பொறுப்பு என்பதும், சரக்குப் பாக்கிக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டுதான் காலம் என்பதும் எனக்குத் தெரியும். அம்மா அதையெல்லாம் கேட்கவில்லை. “அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை, கொடு” என்றார்.

அதனால்தான் அறுபது தாண்டிய கடைக்காரர்களிடம், ஆயுத பூஜைக்குப் புதுக்கணக்கு போடும் அன்றே இன்னொரு சின்ன நோட்டும் போடச் சொல்கிறேன். வாய்ச்சொல்லில் நிற்பவை மட்டும் அதில் இருந்தால் போதும். பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். பிள்ளைகள் கேட்டால் கசக்கும் கேள்வி, ஆடிட்டர் கேட்டால் அவ்வளவு கசப்பதில்லை. கூச்சப்படும் பிள்ளைகள் எங்களைச் சாக்காக வைத்துக்கொள்ளலாம்.

அப்பா போய் இரண்டு வருடம் கழித்து, திருவிடைமருதூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகள் கல்யாணத்துக்கு எடுத்த பாத்திரத்தில் எட்டாயிரம் பாக்கியாம். துணிப்பையிலிருந்து பணத்தை எடுத்து வைத்தார். ரசீது வேண்டாம், அவருடைய நோட்டில் என் பெயரை அடித்துவிட்டால் போதும் என்றார். நான் பழைய பேரேடுகளைப் புரட்டினேன். எதிலும் அவர் பெயர் இல்லை. சொல்ல வாயெடுத்தபோது அம்மா கண்ணைக் காட்டினார். கடைசிப் பேரேட்டின் காலிப் பக்கத்தில் அவர் பெயரையும் தொகையையும் எழுதி, அவர் பார்க்கவே குறுக்கே ஒரு கோடு போட்டேன்.