கிரேடு பேப்பர்: தரமா, படியா?

இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடும் தாளின் பெட்டியில் 2 என்றோ 3 என்றோ ஒரு எண் போட்டிருக்கும். அதுதான் கிரேடு. தமிழில் எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் ‘தரம்’ என்று எழுதிவிடுகிறார்கள். புதிதாகக் கற்க வருகிறவர், 4ஆம் தரத் தாள் 2ஆம் தரத்தைவிட உசத்தி என்றோ மட்டம் என்றோ நினைத்துக்கொள்வார். இரண்டும் இல்லை. அந்த எண் கான்ட்ராஸ்டை, அதாவது வெளுப்பிலிருந்து கறுப்புக்குத் தாள் எவ்வளவு சட்டென்று தாவுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது.

சொல்லின் வேர் லத்தீன் ‘கிராடுஸ்’. காலடி, படிக்கட்டு என்று பொருள். டிகிரி, சென்டிகிரேடு, கிராஜுவேட் எல்லாம் இதே வேரிலிருந்து வந்தவைதான். ஆக, மூலத்திலேயே இது படி. உயர்வு தாழ்வு பிறகு ஏறிய பொருள். இலங்கையில் பள்ளி வகுப்பைத் ‘தரம் 5’ என்கிறார்கள். அங்கே தரம் என்பது படிநிலைதான், அதனால் அவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவாகவே இருக்கும். தமிழ்நாட்டில் தரம் என்றதும் நல்லது, மட்டம் என்பதுதான் முதலில் மனதில் படும்.

எண்கள் பொதுவாக 0 முதல் 5 வரை போகும். 0, 1 மென்மையானவை, அதாவது மெல்லத் தாவுபவை. 2 நடுவானது. 4, 5 வன்மையானவை, சட்டென்று தாவுபவை. நம் ஸ்டுடியோக்காரர்கள் வாயில் இது சாஃப்ட், நார்மல், ஹார்டு. ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைத் தாளும் தயாரித்தது. இவ்வளவு நாள் புழங்கிய பொருளுக்கு நமக்கென்று ஒரு சரியான சொல் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

சொல்லைத் தேடுமுன் எண்ணுக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்துவிடுவோம். தாளின் மேல்பூச்சில் உள்ள வெள்ளி உப்புத் துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் எல்லாம் ஒரே சமயத்தில் ஒளிக்கு இணங்கிவிடும், தாள் வன்மையாகும். சிறிதும் பெரிதும் கலந்திருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக இணங்கும், தாள் மென்மையாகும். இது ஆலையிலேயே முடிவாகிவிடுகிறது.

இதை அளக்கச் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ ஒரு ‘ஆர்’ எண் வைத்திருக்கிறது. ஆர் 160 என்றால், மிக இளஞ்சாம்பலிலிருந்து ஏறக்குறைய முழுக் கறுப்புக்குப் போக அந்தத் தாளுக்குச் சுமார் 40 மடங்கு ஒளி வேண்டும். ஆர் 110க்கு சுமார் 13 மடங்கு. ஆர் 60க்கு 4 மடங்கே போதும். ஆர் எண் குறையக் குறையத் தாள் வன்மை. ஒரு கம்பெனியின் 2 இன்னொரு கம்பெனியின் 2 ஆகாமல் போகலாம் என்பதால், இந்த எண்ணையும் பார்த்து வாங்குவது நல்லது.

தாளைத் தேர்ந்தெடுக்கும் விதியும் இதிலேயே இருக்கிறது. வெயில் கொளுத்தும் பிராகாரமும் இருண்ட மண்டபமும் சேர்ந்து விழுந்த நெகட்டிவில் ஒளி வேறுபாடு மிக அதிகம். அதை விழுங்க 1ஆம் எண் தாள் வேண்டும். பனிமூட்டத்தில் எடுத்த தேயிலைச் சரிவு நெகட்டிவில் எல்லாமே நடுச்சாம்பல். அதற்கு 3 அல்லது 4. கடுமையான நெகட்டிவுக்கு மென்தாள், சோர்ந்த நெகட்டிவுக்கு வன்தாள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘படித்தரத் தாள்’ என்று யாராவது சொன்னால் நான் தயங்குவேன். படித்தரம் என்பது கோயிலின் அன்றாடச் செலவுக்கு ஒதுக்குவது. அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிடலாம். வெறும் ‘படி’ என்றால் நகல் என்றும் பொருள்வரும். ஆனால் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஹார்டு, சாஃப்ட், நார்மல் மூன்றுக்கும் வன்தாள், மென்தாள், இடைத்தாள் அப்படியே பொருந்துகிறது. எண்ணைக் குறிக்க ‘வன்மைப் படி’. படி மாறாத கிரேடு பேப்பர் ‘ஒருபடித் தாள்’. நீல ஒளிக்கும் பச்சை ஒளிக்கும் வெவ்வேறு விதமாக இணங்கி, ஒளியின் வழியில் வைக்கும் நிற வடிகட்டியை மாற்றினால் தன் வன்மையை மாற்றிக்கொள்ளும் மல்டிகிரேடு ‘பல்படித் தாள்’. இங்கிலாந்தின் இல்ஃபோர்டு கம்பெனி 1940இல் மல்டிகிரேடைக் கொண்டுவந்த பிறகு, ஒவ்வொரு படிக்கும் ஒரு பெட்டி வாங்கி அடுக்க வேண்டிய தேவை மெல்லக் குறைந்தது. ஆனாலும் ஒருபடித் தாளில் வேலை பழகினால் நெகட்டிவைப் படிக்கும் கண் வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

பழகத் தொடங்குகிறவர் 2, 3 இரண்டையும் வாங்கினால் போதும். முதலில் 2இல் சோதனைப் பட்டை போட்டு, அதாவது ஒரு துண்டுத் தாளில் பகுதி பகுதியாக வெவ்வேறு நேரம் ஒளி காட்டி, வெளிச்சப் பகுதியை மட்டும் பாருங்கள். வெள்ளைச் சட்டையின் மடிப்பு லேசாகத் தெரியத் தொடங்கும் நேரமே உங்கள் நேரம். அதே நேரத்தில் முழுப் படம் போட்டு, அப்புறம் தலைமுடியைப் பாருங்கள். கறுப்பு இறங்காமல் சாம்பலாக நின்றால் 3க்கு ஏறுங்கள். முடியெல்லாம் ஒரே கறுப்பாக அப்பிக்கொண்டால் மட்டும் 1ஐயும் வாங்கி அதற்கு இறங்குங்கள். ஈரத்தில் முடிவெடுக்க வேண்டாம், காய்ந்ததும் வெள்ளை சற்று மங்கும். படி மாறினால் தாளின் வேகமும், அதாவது அதற்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்பதும், மாறக்கூடும் என்பதால், புதுப் பெட்டியைத் திறந்ததும் சோதனைப் பட்டையை மறுபடி போட வேண்டும்.