‘கெட்டுப்போயிட்டாளா’ என்று என்னிடம் கேட்காதீர்கள்

போன வாரம் ஓர் அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு இருபது வயதைத் தாண்டியிருக்கும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கூடவே ஒரு பெரியம்மா. அந்தப் பெண்ணை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பெரியவர்கள் இருவரும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். அம்மா அழுதுகொண்டே இருந்தார். பெரியம்மாதான் பேசினார். “சொந்தக்காரப் பையன் ஒருத்தன் இவகிட்ட தப்பா நடந்துக்கிட்டான் டாக்டரம்மா. போலீஸ் கேஸெல்லாம் வேணாம். நிச்சயம் ஆன பொண்ணு. கெட்டுப்போயிட்டாளா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லிடுங்க. மாப்பிள்ளைக்குத் தெரிய வருமா?”

நடந்து 11 நாள் ஆகியிருந்தது.

மகப்பேறு மருத்துவராக இந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடமிருந்து கேட்டுவிட்டேன். அம்மாக்கள் கேட்டிருக்கிறார்கள், கணவர்கள் கேட்டிருக்கிறார்கள், கூட வந்த காவலர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். இந்த முறை மனசு ஆறவில்லை. வெளியே பெஞ்சில் இருந்த பெண்ணுக்கு வலிக்கிறதா, சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று அந்த அறையில் யாருமே கேட்கவில்லை.

முதலில் அந்த 11 நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான்காம் நாளே அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். “வெளிய சொல்லிடாதே” என்று அம்மா வாயைப் பொத்திவிட்டார். இப்படிப்பட்ட வன்முறைக்குப் பிறகு எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கருத்தடைக்கான அவசர மாத்திரையும் அந்த மூன்று நாளுக்குள் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். அது தவறினாலும், சம்பவம் நடந்து ஐந்து நாள் வரை கருப்பைக்குள் காப்பர்-டி பொருத்திக் கருவைத் தடுக்கலாம். அதாவது அம்மாவிடம் சொன்ன அன்றே வந்திருந்தால்கூட ஒரு வழி இருந்தது. 11ஆம் நாளில் என் கையில் மிச்சம் இருந்தது ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும், பால்வினைத் தொற்றுகளுக்கான மருந்துகளும்தான். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்தோம். ‘இல்லை’ என்று வந்ததும் பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். 11ஆம் நாளில் அந்த ‘இல்லை’யை நம்ப முடியாது. சம்பவம் நடந்து மூன்று வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். கன்னித்திரை என்று ஒன்று இருக்கிறதே, அதைத்தான் எல்லாரும் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். பெயரிலேயே ‘திரை’ இருப்பதால், ஏதோ வாசலை மூடியிருக்கும் ஜவ்வுக் காகிதம், ஒரு முறை கிழிந்தால் கிழிந்ததுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வாசலை மூடுவதே இல்லை. பெண்ணுறுப்பின் வாய் ஓரத்தில் மடிப்பாக அமைந்த மெல்லிய சவ்வு விளிம்பு அது. நடுவே பிறக்கும்போதே திறப்பு இருக்கும். இல்லாவிட்டால் மாதவிடாய் ரத்தம் எப்படி வெளியே வரும்? அபூர்வமாகச் சில பெண்களுக்கு அது முழுக்க மூடியிருக்கும். அவர்கள் ரத்தம் தேங்கி, வயிற்று வலியோடு எங்களிடம் வருவார்கள். அறுவை சிகிச்சை செய்துதான் திறந்துவிடுவோம். மற்ற எல்லாருக்கும் அது ஒவ்வொரு வடிவத்தில் இருக்கும். பருவமடைந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் நெகிழ்ந்து, இழுத்தால் விரியக்கூடியதாக ஆகிவிடும். உறவு நடந்தாலும் கிழியாமல் இருக்கலாம். கிழிந்தாலும் சில நாட்களில் தழும்புகூட இல்லாமல் ஆறிவிடலாம். அதைப் பார்த்து ‘நடந்தது’, ‘நடக்கவில்லை’ என்று சொல்ல உலகத்தில் எந்த மருத்துவராலும் முடியாது.

நம்பவில்லையென்றால் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் கர்ப்பமாக இருந்த 36 வளரிளம் பெண்களைப் பரிசோதித்து, அந்த முடிவை 2004இல் வெளியிட்டார்கள். 36 பேருமே கர்ப்பிணிகள். உறவு நடந்ததா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. உறுப்பைப் பார்த்து உறுதியாகச் சொல்லும்படியான அடையாளம் எத்தனை பேரிடம் இருந்தது தெரியுமா? இரண்டே பேரிடம். மற்ற 34 பேரில் ஒருத்தியைக் குடும்பத்தார் என்னிடம் கூட்டிவந்திருந்தால், வயிற்றில் குழந்தையோடு நிற்கும் அவளுக்கே ‘அடையாளம் ஒன்றும் இல்லை’ என்றுதான் நான் எழுத வேண்டியிருக்கும். ‘கன்னித்தன்மைப் பரிசோதனை’ என்பதற்கு அறிவியல் அடிப்படையே கிடையாது, உலகம் முழுக்க நிறுத்துங்கள் என்று உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. அமைப்புகளும் 2018இல் சேர்ந்து கேட்டுக்கொண்டன.

இதில் எங்கள் ஆட்களின் குற்றம் பெரிது. இரண்டு விரலை விட்டுப் பார்த்து, ‘உடலுறவுக்குப் பழக்கப்பட்டவள்’ என்று அறிக்கையில் எழுதும் வழக்கம் பல காலமாக இருந்தது. ஒருத்திக்கு முன்பு உறவு இருந்ததா என்பதற்கும், அன்று அவன் பலவந்தம் செய்தானா என்பதற்கும் என்ன சம்பந்தம்? 2013இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பரிசோதனை பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவதாகச் சொன்னது. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டு நெறிகளில் இதை விலக்கியது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இதை உடனே நிறுத்தும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று, இதைச் செய்கிறவர் ஒழுங்கீனம் புரிந்தவராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. ஒரே விஷயத்தை ஒன்பது ஆண்டுகளில் எத்தனை முறைதான் சொல்வது? இதைப் படிக்கும் இளம் மருத்துவர்களே, இரவுப் பணியில் தனியாக இருக்கும்போது யார் வற்புறுத்தினாலும் அதைச் செய்யாதீர்கள், அந்த வரியை எழுதாதீர்கள்.

பெரியவர்களை வெளியே அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டேன். வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், கடைசியில் ஒன்றுதான் சொன்னாள். “நான் கத்தவே இல்ல டாக்டர். கை கால் அசையவே இல்ல. அப்ப நானும் ஒத்துக்கிட்டேன்னுதானே அர்த்தம்?”

இல்லை. ஆபத்தின் உச்சத்தில் மனித உடல் எதிர்க்கலாம், ஓடலாம், அல்லது உறைந்துபோகலாம். உறைவது அவள் எடுக்கும் முடிவு கிடையாது. இருமல் மாதிரி, கண் இமைப்பது மாதிரி உடம்பே செய்துகொள்வது. ஸ்டாக்ஹோமில் வல்லுறவுக்கு ஆளானவர்களுக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த ஏறக்குறைய 300 பெண்களிடம் விசாரித்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 70 விழுக்காட்டினர் அந்த நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவு உடல் உறைந்துபோனதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி உறையாதவர்கள்தான் குறைவு. ஆனால் நம் ஊரிலும் நீதிமன்றத்திலும் கீறலும் ரத்தக்கட்டும் இருந்தால்தான் நம்பினார்கள்.

1972இல் மகாராஷ்டிராவில் ஒரு பழங்குடிச் சிறுமியைக் காவல் நிலையத்துக்குள்ளேயே காவலர்கள் வல்லுறவுக்கு ஆளாக்கிய வழக்கு, மதுரா வழக்கு. உடம்பில் காயம் இல்லை, அவள் ஏற்கெனவே உறவுக்குப் பழக்கப்பட்டவள் என்ற வாதங்கள் மேலோங்கின. கடைசியில் உச்ச நீதிமன்றமே காவலர்களை விடுவித்தது. 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் அமைப்புகள் பல நகரங்களில் தெருவில் இறங்கின. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடந்த வல்லுறவில், ‘நான் சம்மதிக்கவில்லை’ என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றுத்தான் தொடங்க வேண்டும் என்று ஆனது. 2013 திருத்தம் இன்னும் தெளிவாக்கியது: உடலால் எதிர்க்கவில்லை என்பதால் மட்டும் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அது இருக்கிறது.

“நீங்க பெண்ணியம் பேசுறீங்க டாக்டர்” என்று கூட வேலை செய்கிறவர்களே என்னிடம் அலுத்துக்கொள்வதுண்டு. ஆமாம், பேசுகிறேன். ‘எதிர்க்கவில்லை என்பது சம்மதம் ஆகாது’ என்று அந்தப் பெண்ணிடம் சட்டத்தைக் காட்டி என்னால் சொல்ல முடிந்தது என்றால், அதற்குக் காரணம் அன்று தெருவில் நின்ற அந்தப் பெண்கள்தான்.

வார்த்தையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘கற்பழிப்பு’ என்று இன்னும் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். அடித்தவனைப் பற்றிய சொல்லா அது? அடிபட்டவள் எதையோ இழந்துவிட்டாள் என்று சொல்கிற சொல். ‘கெடுத்துட்டான்’ என்பதும் அப்படித்தான். செய்தவன் அவன், கெட்டுப்போனது அவள். பெரியம்மாவின் கேள்வி இந்தச் சொற்களிலிருந்துதான் பிறக்கிறது. வல்லுறவு, பாலியல் வன்முறை என்று சொல்லிப் பழகுங்கள். கையை உடைத்துக்கொண்டு வருபவனை ‘கெட்டுப்போயிட்டானா’ என்று நாம் கேட்பதில்லையே.

‘ராத்திரி ஏன் வெளிய போனா’, ‘என்ன டிரெஸ் போட்டிருந்தா’ என்பதற்கெல்லாம் நீளமாகப் பதில் எழுதப் போவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரத்தில் ஆண்டுதோறும் 90 விழுக்காட்டுக்கும் மேலான வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்குத் தெரிந்தவர்தான். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், முதலாளி. என் மேசைக்கு முன்னால் வருகிற கதைகளும் அப்படியே. அதனால்தான் குடும்பம் மறைக்கிறது. மறைப்பதால் அவன் அடுத்த கல்யாணத்துக்கும் அதே வீட்டுக்கு வந்து உட்கார்கிறான்.

கணவன் விஷயத்தில் சட்டமே கைவிடுகிறது. 18 வயதுக்கு மேற்பட்ட மனைவியிடம் கணவன் பலவந்தம் செய்தால் அது வல்லுறவுக் குற்றமாகாது என்ற விதிவிலக்கு புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆனால் கருக்கலைப்பு என்று வரும்போது அதையும் வல்லுறவாகவே கருத வேண்டும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட பெண்ணும் 24 வாரம் வரை கருக்கலைப்பு கேட்கலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலும் அவளுக்கு வழி இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மூடி வைத்து, மாதம் கடந்து வருகிறவர்கள் நிறைய.

உங்கள் வீட்டில், நட்பில் யாருக்காவது இது நடந்தால், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவாருங்கள். குடும்பக் கூட்டம் கூடிப் பேசுவதெல்லாம் அப்புறம். முடிந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் வரட்டும். மாற்றிவிட்டால் அந்தத் துணியைத் துவைக்காமல், காகிதப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் அழிந்துவிடும். குளித்திருந்தாலும் பரவாயில்லை, வாருங்கள். தடயத்தைவிட மருந்து முக்கியம். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, இலவசமாகச் சிகிச்சை தர மறுக்கக் கூடாது என்பது சட்டம்; மறுத்தால் அதுவே தண்டனைக்குரிய குற்றம். காவல்துறைக்குத் தகவல் சொல்வது எங்கள் கடமை. ஆனால் வயது வந்த பெண் புகார் கொடுப்பதும், உடல் பரிசோதனைக்கு ஒத்துக்கொள்வதும் அவள் விருப்பம். வேண்டாம் என்றாலும் சிகிச்சை உண்டு. குழந்தைகள் விஷயம் வேறு. ஆணோ பெண்ணோ, 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாரானாலும் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். உதவிக்கு அழைக்கப் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. அப்புறம் தயவுசெய்து, பாதிக்கப்பட்டவளின் பெயரையோ படத்தையோ ‘நீதி வேண்டும்’ என்று வாட்ஸப்பில் சுற்ற விடாதீர்கள். அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை.

அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல்தான் பலர் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். ‘ஏன்’ என்று தொடங்கும் எதையும் கேட்காதீர்கள். “நீ சொல்றதை நம்புறேன்” என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். புகார் பற்றி யோசிக்க நேரம் கேட்டாள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். முதல் தடுப்பூசி போட்டு, மூன்று வாரக் கணக்கில் பரிசோதனைக்கும், அடுத்த மாதம் இரண்டாவது ஊசிக்கும் தேதி குறித்தேன். கிளம்பும்போது அம்மா மட்டும் திரும்பி வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். “அக்காகிட்ட என்னன்னு சொல்றது டாக்டரம்மா?”

“அடிபட்டிருக்கு, மருந்து கொடுத்திருக்காங்க, அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்கன்னு சொல்லுங்கம்மா.”